வகை குறையட்டும், எண்ணிக்கை கூடட்டும்: வருடக்கணக்கில் கைவிடாத கட்டுமானப் பொம்மைகள்

பொம்மைக் கடையில் கட்டுமானப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அட்டைப் படத்தை. அடுத்து, அதன் மூலையில் போட்டிருக்கும் ‘500 துண்டுகள்’ என்ற எண்ணை. இரண்டுமே அவ்வளவாக உதவாது. கேட்க வேண்டியது வேறு: அந்த 500இல் ஒரே மாதிரித் துண்டு எத்தனை? கண், பூ, வேலி, கொடி, நாய்க்குட்டி என்று போட்டு எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால், பிள்ளை சுவர் எழுப்பும்போது பாதியில் கல் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட பெட்டி ஒரு வாரத்தில் பரணுக்குப் போய்ச் சேரும்.

இரண்டாவது கேள்வி அளவைப் பற்றியது. ஒரு துண்டின் நீளம் இன்னொன்றின் அகலத்துக்கோ தடிமனுக்கோ முழு மடங்காக வருகிறதா? வந்தால்தான் நிற்கவைத்த கட்டையும் படுக்கவைத்து அடுக்கிய கட்டைகளும் ஒரே உயரத்தில் வந்து சேரும். மேலே போடும் பாலம் மட்டமாக உட்காரும். வராவிட்டால் அந்தப் பொருளை அடுக்கலாம், அதை வைத்துக் கட்ட முடியாது.

இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் கீழே உள்ள மதிப்பீடு. விலை கடைக்குக் கடை மாறும் என்பதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு எண்ணிக்கைக் கணக்கைப் பிடித்துக்கொள்வோம்.

மரக்கட்டை: இரண்டு வயதில் வாங்கி எட்டு வயதுவரை

ஜெர்மனியில் 1837இல் சிறுவர்களுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் வடிவமைத்த பெட்டிகளில் ஒன்று, 2 அங்குலக் கனசதுரத்தை எட்டாக வெட்டிய ஓர் அங்குலக் கட்டைகள். அடுத்த பெட்டியில் அதே 2 அங்குலக் கனசதுரம் வேறு விதமாக வெட்டப்பட்டு, 2 × 1 × ½ அங்குலச் செங்கல் வடிவில் எட்டு துண்டுகளாக இருக்கும். ஒரே கன அளவை இரு வகையாகப் பிரித்துப் பார்க்கும் யோசனை அது. அதை மேசையிலிருந்து தரைக்கு இறக்கியவர் நியூயார்க்கின் கரோலின் பிராட். 1914இல் தான் தொடங்கிய பள்ளியில் அவர் பயன்படுத்திய கட்டையைத்தான் இன்றுவரை ‘யூனிட் பிளாக்’ என்கிறார்கள். அளவு: 1⅜ × 2¾ × 5½ அங்குலம். விகிதம் 1 : 2 : 4. இதில் இரட்டைக் கட்டை 11 அங்குலம், நான்மடங்குக் கட்டை 22 அங்குலம், அரைக்கட்டை 2¾ அங்குலம்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் எழுத்து அச்சிட்ட கனசதுரங்கள் இதற்கு மாற்று ஆகா. கனசதுரத்தை மட்டும் வைத்துப் பாலம் போட முடியாது. இரண்டு தூணுக்கு மேல் குறுக்கே வைக்க நீளமான கட்டை வேண்டும். பிள்ளைகள் கட்டை விளையாட்டில் கடக்கும் படிகளைக் கல்வியாளர் ஹாரியட் ஜான்சன் 1933இல் வரிசைப்படுத்தினார்: தூக்கிக்கொண்டு திரிவது, வரிசையாகவோ மேலேயோ அடுக்குவது, பாலம் போடுவது, நாலு பக்கமும் அடைப்பது, கோலம்போல் ஒழுங்குபடுத்துவது, கட்டியதற்குப் பெயர் வைப்பது, கண்ட கட்டடத்தையே கட்டிப் பார்ப்பது. கனசதுரப் பெட்டி இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. மூன்று வயதில் ‘இவனுக்குக் கட்டை பிடிக்கவில்லை’ என்று சொல்லும் வீடுகளில் பல சமயம் குறை பெட்டியில்தான் இருக்கும்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை? முழுக் கட்டை 40, அரைக்கட்டை 20, இரட்டை 16, நான்மடங்கு 6, அரைக்கட்டையை மூலைவிட்டமாக அறுத்த முக்கோணம் 8. வளைவு 2 இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கடைப் பெட்டிகளில் இது தலைகீழாக இருக்கும். வளைவும் உருளையும் கூம்பும் நிறைய, முழுக் கட்டை பத்துகூடத் தேறாது. படத்தில் அது அழகாகத் தெரியும்.

நல்ல யூனிட் கட்டைகள் கெட்டியான மேப்பிள் மரத்தில் செய்யப்படுபவை. இறக்குமதியில் வாங்குவதைவிட உள்ளூர்த் தச்சரிடம் செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். மில்லிமீட்டரில் சொன்னால் கணக்கு இன்னும் சுலபம்: 35 × 70 × 140. கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் விளையும் ரப்பர் மரம் இதற்குப் பொருத்தமானது; வெளிர் நிறம், சிம்பு குறைவு. ஆனால் மருந்தேற்றி உலையில் உலர்த்திய மரமாக இருக்க வேண்டும். பச்சையாக அறுத்த ரப்பர் மரம் உளுத்துக் கொட்டும். 18 மி.மீ பலகைதான் கிடைக்கிறது என்றால் இரண்டை ஒட்டி 36 ஆக்கி, மொத்த அளவையும் 36 × 72 × 144 என்று மாற்றிவிடலாம். விகிதம்தான் முக்கியம், எண் அல்ல.

ஒரு முழுக் கட்டை 343 கன சென்டிமீட்டர், ரப்பர் மரத்தில் ஏறக்குறைய 200 முதல் 220 கிராம். ஒரு கன அடி மரத்தில் காகிதக் கணக்குப்படி 82 கட்டை வரும். ரம்ப வாயும் இழைப்பும் தின்றது போக 55 முதல் 60 என்று வைத்துக்கொண்டு மரவாடிக்குப் போனால் ஏமாற்றம் இருக்காது.

தச்சு வேலையில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, 140 மி.மீ கட்டையை நடுவில் அறுத்து அரைக்கட்டை ஆக்குவது. ரம்ப வாய் 3 மி.மீ தின்றுவிடும், கிடைப்பது 70 அல்ல, 68.5. இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை ஆகாது. அரைக்கட்டையைத் தனியாக, 70 மி.மீக்குத் தடுப்புக்கட்டை வைத்து அறுக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, தடிமன். ஒரு கட்டைக்கு அரை மி.மீ கூடினால் எட்டு வரிசையில் 4 மி.மீ ஆகிவிடும், கூரை ஆடும். சோதிப்பது எளிது: நாலு கட்டையைப் படுக்கவைத்து அடுக்கி, பக்கத்தில் ஒரு கட்டையை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மேலே விரலை ஓட்டினால் தட்டக் கூடாது.

மூன்றாவது, ஈரம். மரம் உலரும்போது ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், ரேகையின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. அதனால் ஈர மரத்தில் சரியாக அறுத்த கட்டைகூட ஆறு மாதத்தில் அகலமும் தடிமனும் குறைந்து, நீளம் மட்டும் அப்படியே நிற்கும். 1 : 2 : 4 போயே போய்விடும். இதைப் பிறகு திருத்த வழியில்லை.

விளிம்புகளை 120 எண் உப்புத்தாளில் தேய்த்து, 220இல் முடிக்கவும். கூர் போனால் போதும். மிகவும் உருட்டிவிட்டால் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பரப்பு குறையும். வார்னிஷ், பெயிண்ட் வேண்டாம். பளபளப்பு ஏறினால் கட்டை வழுக்கும். வெறும் மரத்தின் சொரசொரப்புதான் இங்கே பசை. நிறம் பூசாததில் இன்னொரு லாபமும் உண்டு. மரப்பாச்சி பொம்மைக்கு முகம் அத்தனை தெளிவாக இருக்காது, அதனாலேயே அது யாராக வேண்டுமானாலும் ஆகும். வெறுங்கட்டையும் அப்படித்தான், ஒரு நாள் பேருந்து, மறுநாள் இட்லித்தட்டு.

மெல்லிய பலகைகள்

இதே இனத்தில் இன்னொன்று: டச்சுக்காரர் டாம் வான் டெர் புருக்கன் 1980களில் உருவாக்கிய ‘கப்லா’. ஒரே ஒரு வடிவம், 11.7 × 2.34 × 0.78 செ.மீ பைன் பலகை. தடிமனைப்போல் மூன்று மடங்கு அகலம், அகலத்தைப்போல் ஐந்து மடங்கு நீளம். பசையும் இல்லை, பூட்டும் இல்லை. வகை குறைவு என்பதன் கடைசி எல்லை இதுதான், ஆனால் 100க்குக் கீழே வாங்கிப் பிரயோசனமில்லை. 200 இருந்தால்தான் கோபுரத்துக்குக் கோபுர உயரம் வரும். தச்சரிடம் கேட்பதென்றால் 8 × 24 × 120 மி.மீ. நாலு வயதுக்கு முன் கொடுத்தால் ஒரு தும்மலில் எல்லாம் சரிந்து அழுகையில் முடியும். ஆறு வயதுக்கு மேல் அதே சரிவு விளையாட்டின் உச்சம் ஆகிவிடுகிறது.

லெகோ: எதை வாங்குவது, எதை விடுவது

டென்மார்க்கின் பிலுண்ட் ஊரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் 1932இல் மரப்பொம்மை செய்யத் தொடங்கி, 1934இல் நிறுவனத்துக்கு லெகோ என்று பெயர் வைத்தார். பிளாஸ்டிக் கல் 1949இல் வந்தது. பிரிட்டனில் ஹிலரி பேஜ் அதற்கு முன்பே செய்த கல்லைப் பார்த்துச் செய்ததுதான் அது. உள்ளே குழல் வைத்த இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. மேற்பரப்பில் துருத்தி நிற்கும் குமிழ் மட்டும் இருந்த பழைய கல் மேலே உட்காரும், பிடிக்காது. குமிழைக் குழலும் பக்கச் சுவரும் சேர்ந்து மூன்று இடத்தில் நெருக்குவதால்தான் பிடிமானம் வந்தது. 1963இலிருந்து பொருள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்.

கணக்கு இது: குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ, கல்லின் உயரம் 9.6 மி.மீ, மெல்லிய தட்டைத் துண்டான தகட்டின் உயரம் 3.2 மி.மீ. மூன்று தகடு ஒரு கல். ஐந்து தகடு உயரம் இரண்டு குமிழ் அகலம். ஐந்து கல் உயரம் 48 மி.மீ, அதாவது ஆறு குமிழ் நீளம். பிள்ளை பத்து வயதில் பக்கவாட்டில் கட்டத் தொடங்கும்போது இந்த எண்களெல்லாம் தானாகவே கைக்கு வந்துவிடும்.

கைவசம் எத்தனை கல் வேண்டும் என்பதற்கு ஒரு வீட்டைக் கட்டிப் பார்ப்போம். வெளிப்புறம் 16 × 16 குமிழ், அதாவது 13 செ.மீக்குச் சற்றுக் குறைவான சதுரம். சுவரின் அகலம் 2 குமிழ். முதல் வரிசையில் எதிரெதிர் இரு பக்கங்களுக்கு 2 × 4 கல் (இரண்டு குமிழ் அகலம், நாலு குமிழ் நீளம்) நாலு நாலு, மற்ற இரு பக்கங்களுக்கு மூன்று மூன்று: மொத்தம் 14. அடுத்த வரிசையில் நாலு வைத்த பக்கத்தில் மூன்றும், மூன்று வைத்த பக்கத்தில் நாலும் வைத்தால், அரைக்கல் ஒன்றுகூட இல்லாமல் மூட்டு மேல் மூட்டு விழாது. மூலையும் தானாகப் பின்னிக்கொள்ளும். கொத்தனார் செய்வதும் இதுதான். பத்து வரிசைக்கு 140 கல். கதவுக்கும் சன்னலுக்கும் விட்டது போக 120. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வீடு ஒன்றுக்கே இவ்வளவு!

இப்போது பெட்டியைப் பாருங்கள். நிறுவனத்தின் கிளாசிக் வரிசையில் வந்த 10698 எண் பெட்டியில் 790 துண்டு, 33 நிறம். சராசரியாக நிறத்துக்கு 24. அதைவிடச் சிறிய 10696இல் 484 துண்டு, 35 நிறம்; நிறத்துக்கு 14கூட வராது. அந்த 14இலும் சாய்வு, வளைவு, சக்கரம், சிறு தகடு எல்லாம் அடக்கம். வண்ணக் கலவை வீடு கட்டலாம், தவறில்லை. ஆனால் ‘சிவப்புச் சுவர் வேண்டும்’ என்று பிள்ளை முடிவெடுத்த நாளில் பெட்டி கைவிரிக்கும். தொடக்கத்துக்கு 10698 நல்ல பெட்டி. அதற்குப் பின் இதே வரிசையில் இன்னொரு பெட்டி வாங்குவதைவிட, ஒன்றிரண்டு நிறங்களில் 2 × 4, 2 × 2, 2 × 3 கற்களாகவே 200 சேர்ப்பது மேல். 25.6 செ.மீ சதுரமான 32 × 32 அடித்தட்டு ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் சுவர்கள் கீழ்வரிசையிலேயே விலகும்.

படம் பார்த்துக் கட்டும் பெட்டிகள் (கார், விண்கலம், திரைப்பட வீடு) பற்றிக் கடுமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவ்வளவு கோபம் தேவையில்லை. கையேட்டைப் பின்பற்றுவதும் ஒரு படிப்புதான், பக்கவாட்டில் குமிழ் வைக்கும் நுட்பத்தை அங்குதான் கற்கிறார்கள். நிபந்தனை ஒன்றே: ஒரு மாதம் கழித்துக் கலைத்துப் பொதுப் பெட்டியில் கொட்ட வேண்டும். கண்ணாடி அலமாரியில் வைத்தால் அது காட்சிப் பொருள், விளையாட்டுப் பொருள் இல்லை.

ஒரே நிறத்தில் ஆறு 2 × 4 கற்களை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று விளம்பரங்களில் வரும் எண் உண்மைதான். அந்த எண் எதைச் சொல்கிறது என்றால், சாதாரணக் கல்லின் பலத்தை. விசேஷத் துண்டுக்கு அந்தக் கணக்கு இல்லை.

ஒன்றரை வயதிலேயே தொடங்க நினைத்தால் லெகோவின் பெரிய கல்லான டியூப்லோ. 1969இல் வந்தது; நீளம், அகலம், உயரம் மூன்றும் சரியாக இருமடங்கு. நல்ல செய்தி, சாதாரண 2 × 4 கல் டியூப்லோ குமிழின்மேல் உட்காரும், ஆகவே ஐந்து வயதில் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அடித்தளமாகவும் மலையாகவும் வைத்து மேலே சின்னக் கல்லில் கட்டலாம். மெல்லிய தகடு மட்டும் அதன்மேல் உட்காராது. மேல் முனையில் லெகோவின் டெக்னிக் வரிசை: 1977இல் வந்த துளைக் கல்லும் பல்சக்கரமும். துளைகளும் 8 மி.மீ இடைவெளியில். மேலும் கீழுமாக இரண்டு துளைக் கற்களைக் குத்துச் சட்டத்தால் இணைக்க வேண்டுமானால் நடுவில் இரண்டு தகடு வைக்க வேண்டும். 9.6 + 6.4 = 16, அதாவது இரண்டு துளை இடைவெளி. தகடு வைக்க மறந்துவிட்டு ‘ஊசி நுழையவில்லை’ என்று மல்லுக்கட்டும் இடம் இதுதான்.

காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் இதே அளவில் மற்ற நிறுவனங்களின் கற்கள் சட்டப்படியே கிடைக்கின்றன. தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும். வாங்கும் முன் ஒரு சிறு பொட்டலம் எடுத்து மூன்று சோதனை செய்யுங்கள். ஐந்து கல்லை அடுக்கி, ஆறு குமிழ் நீளக் கல்லைப் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒன்றாக இருக்க வேண்டும். நீளத் தகடு ஒன்றின்மேல் கற்களை இடைவெளியின்றி வரிசையாகப் பதியுங்கள். தகடு வில்லாக வளைந்தால் கல் பருத்திருக்கிறது. பத்து கல்லை ஒரே தூணாக அடுக்கி மேல் கல்லைப் பிடித்துத் தூக்கி லேசாக உதறுங்கள். நடுவில் கழன்றால் பிடிமானம் போதாது, பிடுங்கவே முடியவில்லை என்றால் ஆறு வயது விரலுக்கு அது ஆகாது. மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் சோதனையே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பராமரிப்பு கொஞ்சம்தான். வெதுவெதுப்பான நீர், 40 டிகிரிக்கு மேல் கூடாது, சிறிது சோப்பு, நிழலில் உலர்த்தல். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் வெள்ளைக் கல் மஞ்சளாகும், பெரிய தகடு வளையும். ஒட்டிக்கொண்ட இரண்டு தகடுகளைப் பல்லால் கடித்துப் பிரிக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பல் தடம் விழுந்த விளிம்பு பிறகு சரியாகப் பொருந்தாது. மேலே ஒரு பெரிய கல், கீழே ஒரு பெரிய கல் பதித்து, இரண்டையும் பிடித்து மடக்கினால் நெம்புகோலாக வேலை செய்து கழன்றுவிடும். பிரிப்பதற்கென்றே ஆரஞ்சு நிறக் கருவியும் இருக்கிறது. பழைய கற்களை வாங்குவதானால் செம்பழுப்பு நிறத்தைத் தவிர்க்கலாம். சில ஆண்டுத் தயாரிப்புகளில் அந்த நிறம் மட்டும் அப்பளம்போல் உடைகிறது.

காந்த ஓடுகள்

இப்போது எல்லோர் வீட்டிலும் இருப்பவை. மூன்று வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே வெற்றி தரும் பொருள் வேறு எதுவும் இல்லை. ஓரமும் ஓரமும் நெருங்கினால் தானே ஒட்டிக்கொள்ளும். ஓரத்துக்குள் காந்தம் சுழலும்படி வைத்திருப்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் விலகாது. ஆனால் அந்த இணைப்பு ஒரு கீல்தான், மூட்டு அல்ல. பெட்டியாக மூடியவரை உறுதி. தனிச்சுவராக நின்றாலோ மூன்றாம் மாடிக்குப் போனாலோ மடங்கிவிடும். சதுரம் 40, சமபக்க முக்கோணம் 20 என்று 60இல் தொடங்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் ஓர நீளம் மாறும். கலந்து வாங்கினால் கூரை மூடாது. ஏழு வயதுக்குமேல் சலிப்பு தட்டுகிறது என்பதே பொதுவான குறை. பளிங்குக் குண்டு ஓட்டும் குழாய்கள் சேர்த்தால் இன்னும் ஓரிரண்டு வருடம் இழுக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான், ஆனால் பெரியது. ஓடு விரிசல் விட்டுக் காந்தம் வெளியே வந்து, பிள்ளை இரண்டை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளுக்கு இடையே அவை ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைத்துவிடும். ‘தானாக வந்துவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. ஓரங்கள் ஒட்டவைக்கப்பட்டிருப்பதோடு மூலைகளில் உலோக ஆணியும் அடித்த ஓடுகளாகப் பார்த்து வாங்குங்கள். மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரிசல் கண்ட ஓட்டை ஒட்டுப்போடாமல் குப்பைக்கு அனுப்புங்கள்.

2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேல் ஐஎஸ் 9873 என்ற தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உண்மையா என்று தெரியும். காந்தப் பொம்மையில் இதைப் பார்க்காமல் வாங்குவது தவறு.

திருகும் மரையும்

லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற துளைத்தகடு முறைதான் பிறகு மெக்கானோ ஆனது. துளைக்குத் துளை அரை அங்குலம். இந்தியாவில் ‘மெக்கானிக்ஸ்’ என்ற பெயரில் வரும் பெட்டிகள் அதே மரபு. எட்டு வயதுக்கு மேல் கொடுங்கள். அதற்கு முன் மரையைப் பிடித்துக்கொண்டு திருகுவது விரலுக்கு ஒத்துவராது. பிரச்சினை எப்போதும் தகட்டில் இல்லை, திருகில்தான்: தலைப் பள்ளம் தேய்வது, மரை காணாமல் போவது, சுழலும் மூட்டு தானே கழல்வது. வாங்கிய அன்றே ஒரு திருகையும் மரையையும் ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய் அதே கனத்தில் 50 ஜோடி வாங்கி வையுங்கள். பழைய மெக்கானோ திருகு 5⁄32 அங்குலம், 4 மி.மீ திருகு துளையில் நுழையும். ஆனால் மரையின் புரி வேறு, ஆகவே அங்குல மரையில் மில்லிமீட்டர் திருகைப் போட்டு முறுக்கக் கூடாது. சுழல வேண்டிய மூட்டில் இரண்டு மரை போட்டு ஒன்றோடொன்று இறுக்கினால் கழலாது, சுழற்சியும் கெடாது.

தீக்குச்சியும் வால்டியூபும்

கடைசியாக, பெட்டியே இல்லாத ஒரு பெட்டி. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தபோது உருவாக்கியது. சைக்கிள் கடையில் விற்கும் மெல்லிய வால்டியூபை வெட்டி மூட்டாக்கி, தீக்குச்சியைச் சட்டமாக்கும் முறை. குச்சி விளையும் நாடு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் நம்முடையதே. அப்படியிருந்தும் இங்கே இது அறிமுகமாக வேண்டிய அளவுக்கு ஆகவில்லை என்பது ஒரு வருத்தம்.

தேவை: மருந்து வைக்காத மரக்குச்சி 100, வால்டியூப் இரண்டு மீட்டர், தடித்த ஊசி அல்லது நீளமான கருவேல முள், கத்தரிக்கோல். மெழுகுக் குச்சி வளையும், ஆகாது. மருந்துக் குச்சிதான் இருக்கிறதென்றால் தலையைப் பெரியவர்கள் நனைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, காயவைத்த பிறகே பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.

டியூபை 1.5 செ.மீ துண்டுகளாக வெட்டி இரு முனையிலும் குச்சியைச் செருகினால் இருவழி மூட்டு. எந்தக் கோணத்துக்கும் மடங்கும். அதன் நடுவில் குறுக்காக முள்ளால் குத்தி, முனை சீவிய மூன்றாவது குச்சியை நுழைத்தால் மூவழி மூட்டு. நாலு வழிக்கு 2 செ.மீ துண்டு இரண்டு வேண்டும். முதல் துண்டின் துவாரத்துக்குள் முள்ளை நீளவாக்கில் நுழைத்து, அதே முள்ளால் இரண்டாவது துண்டின் நடுவைக் குறுக்காகத் துளைத்து, இரண்டாவதன் இரு முனையையும் இழுத்துப் பிடித்து முதல் துண்டின்மேல் நகர்த்தினால் சிலுவை வடிவம் கிடைக்கும். முதல் ஐந்து கிழியும். துளையை ஒரே குத்தில் போடாமல் முள்ளைத் திருகித் திருகி ஏற்றினால் ரப்பர் கிழியாது.

மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம், அசையாது. நாலு குச்சி: சதுரம், தொட்டால் சாயும். ஆறு குச்சியும் நாலு மூவழி மூட்டும் நான்முகி ஆகும். கையில் வைத்து அழுத்தினாலும் நிற்கும். பன்னிரண்டு குச்சியில் கனசதுரம் கட்டினால் பொத்தென்று படுத்துவிடும், அதே பன்னிரண்டு குச்சியை ஆறு நாலுவழி மூட்டால் இணைத்து எண்முகி ஆக்கினால் கல்லுப்போல் நிற்கும். மின்கோபுரத்தில் ஏன் அத்தனை குறுக்குச் சட்டம் என்பதை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது. கனசதுரத்தை நிறுத்த மூலைவிட்டக் குச்சி செருகலாம். அதன் நீளம் பக்கத்தைப்போல் 1.4 மடங்கு, 42 மி.மீ குச்சிக்கு ஏறக்குறைய 60 மி.மீ. அதற்குத் தென்னங்குச்சியை வெட்டிக்கொள்ளலாம்.

குறை உண்டு. ரப்பர் சில மாதத்தில் வெடித்துவிடும், குச்சியில் எடை தாங்காது, ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் டியூப் துண்டுகள் தொண்டைக்கு ஆபத்து. ஒன்பது வயதுக்கு மேல் கொடுத்தால் பன்னிரண்டு, பதின்மூன்றுவரை தாராளமாக ஓடும்.

வாங்கும் வரிசை, வைக்கும் முறை

இடமும் பணமும் ஒரே பொருளுக்குத்தான் என்றால் மரக்கட்டை. இரண்டு என்றால் அதனோடு ஐந்து வயதில் லெகோ. காந்த ஓடு பரிசாக வந்தால் சந்தோஷம், தேடிப்போய் வாங்க வேண்டியதில்லை. தீக்குச்சி மூட்டைப் பள்ளி விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம், இட நெருக்கடியே இல்லை.

மரக்கட்டையைப் பெட்டியில் கொட்டி வைக்காதீர்கள். நீளவாக்கில், வடிவம் வாரியாகத் திறந்த அலமாரியில் அடுக்குங்கள். அடுக்கும்போதே இரண்டு அரை ஒரு முழு என்பது கண்ணுக்குத் தெரியும். லெகோவுக்கு எதிர்மாறு: ஆழமில்லாத அகலத் தட்டு. ஆழமான வாளியில் சிறு துண்டு அடிக்குப் போய்விடும், தேடுவதிலேயே மாலை கழியும். பிரிப்பதாக இருந்தால் நிறம் பார்த்துப் பிரிக்காமல் வடிவம் பார்த்துப் பிரியுங்கள். சிவப்புக் குவியலில் சிவப்புத் தகட்டைத் தேடுவது கடினம், தகடுகளுக்கு நடுவே சிவப்பைக் கண்டுபிடிப்பது ஒரு நொடி. கீழே ஒரு பழைய பருத்திப் புடவையை விரித்து அதன்மேல் விளையாடவிட்டால், முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கி அப்படியே தட்டில் சரித்துவிடலாம்.